உரும்பிராயில் பார்த்த இரண்டு கமராக்கள்

உரும்பிராயில் அது நடப்பதற்கு முன்னர், கமரா விடயத்தில் என் சொல்லுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு மதிப்பு இருந்தது. இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வருவது விளங்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். கல்லூரியில் படித்த காலத்தில் புகைப்படக் கழகத்துக்குத் தலைவனாக இருந்தேன். பின்னர் அரச நில அளவையாளனாகச் சேர்ந்து, அத்தியட்சகராக ஓய்வுபெற்றேன். வில்லைகளோடும் கண்ணாடிகளோடும் உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவன் என்பதால், பழைய கமராவொன்றை வாங்கவோ விற்கவோ நினைப்பவர்கள் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு அரியாலைக்கு, என் வீட்டுக்கு வருவார்கள். நான் பார்த்துச் சொல்வேன். அதற்காக ஒருவரிடமும் ஒன்றும் பெற்றதில்லை. தேநீர் கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறேன்.

பார்ப்பதற்கு எனக்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. மின்விளக்கின் கீழ் எந்தக் கமராவையும் பார்க்கமாட்டேன். பகல் வெளிச்சம் வேண்டும்; அவசரப்படாத ஆளும் வேண்டும். முதலில் பின்மூடியைத் திறந்து, வேகத்தை ஒரு செக்கனில் வைத்து அழுத்தி, காதைக் கொடுத்துக் கேட்பேன். நல்ல கமராவில் அந்த ஒரு செக்கன் நேராகக் கழியும். எண்ணெய் இறுகிய கமராவில் அது நடுவழியில் தயங்கி, பிறகு மனமில்லாமல் முடியும். அடுத்து வில்லையை வானத்துக்கு எதிரே பிடித்து, உள்ளே பூஞ்சணம் நூல்விட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். கடல்நீரேரியின் ஈரம் வீட்டுக்குள் வந்து இருந்துவிட்டுப் போகும் எங்கள் பக்கத்தில், அது இல்லாத வில்லையைக் காண்பது அரிது. கடைசியாக மூடிகளின் திருகாணிகளைப் பார்ப்பேன். ஆணியின் தலை சிதைந்திருந்தால், தெரியாத கை ஒன்று உள்ளே போயிருக்கிறது என்று பொருள். கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் உடையவரின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். சிலர் முகம் சுழித்ததுண்டு. என் கணிப்புப் பிழைத்தது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. நான் பார்த்து மதிப்புச் சொன்ன கமரா எதையும் நானே வாங்கியதில்லை. குறை சொன்னவனே வாங்கினால், வாங்குவதற்காகத்தான் குறை சொன்னான் என்று ஊர் கதைக்கும். ஒருமுறை கதைத்துவிட்டால், அதற்கு முன்னர் நான் சொன்ன எல்லாவற்றையும் கிளறிப் பார்க்கும்.

இந்தக் கட்டுப்பாடு எனக்கு நெடுங்காலம் சுமையாக இருந்ததில்லை. மற்றவர்கள் கொண்டுவந்தவற்றுள் எனக்கு வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை என்பதே காரணம். எனக்கு வேண்டியது கிழக்கு ஜெர்மனியில் செய்யப்பட்ட ஒரு கமரா: வில்லையினூடாகவே காட்சியைப் பார்த்து, தூரத்தையும் ஒளியையும் வேகத்தையும் கையாலேயே அமைத்து, பிலிமில் எடுக்கின்ற வகை. பற்றறி தேவையில்லை. கையில் எடுத்தால் கனமாக இருக்கும். அழுத்தும் பொத்தான் மேலே இராமல் முன்பக்கம் சாய்வாக இருக்கும். அப்படி ஒன்றை, உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் கொழும்பில் வாங்கினேன். உரும்பிராயைச் சேர்ந்த என் கல்லூரித் தோழர் ஒருவர், பிற்காலத்தில் இரசாயனவியல் ஆசிரியராக இருந்தவர், அதே நாளில் அதே கடையில் அதன் இணையை வாங்கினார். போரில் ஊரே இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அவர் தம்முடையதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனார். நான் சான்றிதழ்களும் காணி உறுதிகளும் அடங்கிய கோவையைத் தூக்கிக்கொண்டு, கமராவை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அலுமாரியே இருக்கவில்லை.

அதன் பின்னர் பல ஆண்டுகள் கமரா இல்லாமலே இருந்தேன். மகள் வாங்கித் தந்த கைத்தொலைபேசியில் எடுக்கின்ற படங்கள் எனக்குப் படங்களாகத் தெரியவில்லை. நின்று, அளந்து, ஒருமுறை மட்டும் அழுத்துகின்ற அந்த வேலை எனக்கு மீண்டும் வேண்டியிருந்தது. நகரத்தில் மூடப்பட இருந்த ஒரு ஸ்ரூடியோவில் மூன்று பழைய கமராக்களைப் பார்த்தேன். ஒன்றில், பிலிமுக்கு வெளிச்சத்தை மறிக்கும் உள்திரையில் ஊசித் துளைகள் இருந்தன. இன்னொன்றின் ஒளிமானி முள் செத்துக் கிடந்தது. மற்றதன் கண்ணாடி பாதியில் சிக்கி நின்றது. கொழும்பு விளம்பரங்களை மகள் தொலைபேசியில் காட்டினாள். வில்லையின் மேல் வெளிச்சம் தெறிக்கும்படி படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். பூஞ்சணத்தை மறைப்பதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

“ஊராற்றை கமரா எல்லாம் பாத்து முடிச்சாச்சு. இனி உங்கடையைத் தேடுறியளோ?” என்று மனைவி கேட்டார்.

“ஓம். ஒண்டும் சரியா அம்பிடுதில்லை. பகல் வெளிச்சத்திலை பிடிச்சுப் பாத்தால் எல்லாத்திலையும் ஒரு பிழை கிடக்கு.”

“என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்குப் பொழுதுபட்டாப் பிறகு வந்தனியள். அப்ப உந்த வெளிச்சம் கேக்கேல்லையே?”

அதற்கு விடை சொல்லக்கூடிய ஆண்மகன் வலிகாமத்தில் இல்லை. நான் எழுந்து போனேன்.

அந்த நாட்களில்தான் உரும்பிராய் நண்பரிடமிருந்து தொலைபேசி வந்தது. நாங்கள் இருவரும் கல்லூரி விடுதியில் பழகிய பழக்கத்தில், ஒருவரையொருவர் இன்றுவரை ‘நீர்’ என்றும் ‘ஐசே’ என்றும்தான் கூப்பிடுவோம்.

“ஐசே, மகன் கனடாவுக்குக் கூப்பிட்டிட்டான். வீட்டைப் பூட்டப்போறம். என்னட்டை ரெண்டு கமரா கிடக்கு. ஒருக்கா வந்து பாத்துச் சொல்லும்.”

“ரெண்டோ? ஒண்டெல்லே வாங்கினனீர்?”

“மற்றது ஜப்பான். பேந்து வாங்கினது. சொன்னால் நீர் குறை பிடிப்பீர் எண்டு உமக்குச் சொல்லேல்லை.”

“எத்தினை வருசமா ஒளிச்சு வைச்சிருந்தனீர்?”

“மனுசிக்கே பாதி வருசம் ஒளிச்சு வைச்சிருந்தனான், உமக்கு என்ன!”

சிரித்துக்கொண்டே தொலைபேசியை வைத்தோம். ஆனால் என் மனம் முழுவதும் அந்த ஜெர்மன் கமராவில் இருந்தது. தொலைந்துபோன என் கமராவின் இணை அது. இந்தத் தீவில் எனக்குத் தெரிந்து மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அது எனக்கு வேண்டும் என்று அவருக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் அந்த நிமிடமே தூக்கித் தந்துவிடுவார். கேட்டுப் பெற்ற பொருளாக அது என் வீட்டில் இருப்பதை நான் விரும்பவில்லை. அவர் வெளிநாடு போகுமுன் தனியே கண்டு, மதிப்புச் சொல்லுமுன்னரே முறையாக விலை பேசி, நண்பரிடமிருந்து நண்பர் வாங்குகின்ற மரியாதையோடு வாங்கவேண்டும் என்று எண்ணியிருந்தேன். அந்த நம்பிக்கையில், கொழும்புக்குப் போனவர் ஒருவர் மூலம் இரண்டு கறுப்பு வெள்ளை பிலிம் சுருள்களையும் எடுப்பித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் இது என்ன மருந்து என்று மனைவி கேட்டார்.

நான் உரும்பிராய்க்குப் போனது ஒரு காலைப்பொழுது. நண்பர் தனியே இருப்பார் என்று நினைத்துப் போனேன். அங்கே அவருடைய மனைவியின் தம்பி, சாவகச்சேரியில் சட்டத்தரணியாக இருப்பவர், வந்திருந்தார்.

“வாங்கோ அண்ணை, வாங்கோ. நீதவான் வந்திட்டார். இனி வழக்கைக் கூப்பிடலாம்,” என்று எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார். “என்ரை மகள் கட்டடக்கலை படிக்கிறாள். இப்பத்தைப் பிள்ளையள் எல்லாம் பழைய கமராவுக்கு அலையுதுகள். போனிலை எடுத்தால் அது படம் இல்லையாம். அத்தான் ரெண்டு வைச்சிருக்கிறார் எண்டு கேள்விப்பட்டு வந்தனான்.”

“நானும் இவன் வருவான் எண்டு நினைக்கேல்லை,” என்றார் நண்பர். பிறகு இரண்டு கமராக்களையும் கொண்டுவந்து ஜன்னலோரத்து மேசையில் வைத்தார்.

ஜப்பான் கமராவைத் துணிப்பைக்குள், வறுத்து ஆறவைத்த அரிசி முடிச்சொன்றோடு வைத்திருந்தார். ஈரத்தை அரிசி குடித்துவிடும். நான்தான் அவருக்கு எப்போதோ சொன்ன முறை. ஜெர்மன் கமரா அது வந்த தோல் உறைக்குள்ளேயே இருந்தது.

“இதை ஏன் தோலுக்கை வைச்சனீர்?”

“அது அதின்ரை உறைதானே ஐசே. அதாலை எடுக்க மனம் வரேல்லை.”

“தோல்தான் பூஞ்சணத்துக்குச் சோறு.”

பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயத்துக்கு இறைத்துக்கொண்டிருந்த மெசினின் சத்தத்தில் ஒரு செக்கனைக் கேட்க முடியவில்லை. மெசின் நிற்கும்வரை மூவரும் காத்திருந்தோம். நண்பரின் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “என்ன, ஒருத்தரும் கதைக்காமல் இருக்கிறியள்? செத்தவீடு மாதிரிக் கிடக்கு,” என்றார். “மெசின் நிக்கவேணுமாம் அக்கா, நீதவானுக்குச் சாட்சி கேக்கேல்லை,” என்றார் தம்பி.

மெசின் நின்றது. ஜப்பான் கமராவின் ஒரு செக்கன் குறையில்லாமல் கழிந்தது. ஒளிமானியின் முள் ஜன்னலுக்குத் திருப்பினால் ஏறியது. சுவருக்குத் திருப்பினால் இறங்கியது. வில்லை தெளிவாக இருந்தது. திருகாணிகளை ஒருவரும் தொட்டிருக்கவில்லை. பிறகு ஜெர்மன் கமராவை எடுத்தேன். என் விரல், தேடாமலே, முன்பக்கத்துச் சாய்வான பொத்தானில் போய் நின்றது. ஒரு செக்கன் நடுவில் இழுத்தது. வில்லை சற்று மஞ்சளித்திருந்தது. ஓரத்தில் பூஞ்சணம் சிலந்தி நூல்போல இரண்டு இழை விட்டிருந்தது. இருந்தும், கண்ணை வைத்துத் தூரவளையத்தைத் திருப்பியபோது, வேலிக்கு அப்பால் நின்ற முருங்கை மரத்தின் ஒவ்வோர் இலையும் மங்கலிலிருந்து வெளியே வந்து நின்ற விதம் வேறு. அதை நான் வேண்டியதைவிடச் சற்று அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று இப்போது நினைக்கிறேன்.

“தீர்ப்பைச் சொல்லுங்கோ அண்ணை,” என்றார் சட்டத்தரணி.

“ஜப்பான் நல்ல நிலையிலை கிடக்கு. பயப்படாமல் பிள்ளைக்குக் குடுக்கலாம். மற்றதிலை மெதுவான வேகங்கள் இழுக்குது. வில்லை மஞ்சளடிச்சுப்போச்சு. ஓரத்திலை பூஞ்சணம். படிக்கிற பிள்ளைக்கு உது சரிவராது.”

நான் சொன்னவை அத்தனையும் உண்மை. வேறு சில உண்மைகளும் இருந்தன. அந்த மூன்று குறைகளையும் கொழும்பில் ஒரு நல்ல கை சீராக்கிவிடும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மஞ்சளித்த வில்லை தீங்கு செய்யாது. அந்த வில்லை எடுக்கும் முகத்தை ஜப்பான் வில்லை எடுக்காது. இவற்றைச் சொல்லத் தொடங்கினால் என் விருப்பம் வெளியே தெரிந்துவிடும் என்று தோன்றியது. கேட்டதற்கு மட்டும் விடை சொல்லி நிறுத்திக்கொண்டேன். 

நண்பர் ஜப்பான் கமராவை மைத்துனரின் பக்கம் நகர்த்தினார். ஜெர்மன் கமரா என் கைக்கு அருகிலேயே இருந்தது.

“அப்ப மச்சான் ஜப்பானைக் கொண்டு போகட்டும். உதை நீர் வைச்சிரும் ஐசே,” என்றார்.

‘அதை’ என்று சொல்லவில்லை, ‘உதை’ என்றார். என் பக்கத்தில் இருப்பதை, ஏற்கெனவே என்னைச் சேர்ந்துவிட்டதைச் சொல்கின்ற சொல் அது.

சட்டத்தரணி தொடையில் தட்டிச் சிரித்தார். “நல்ல தீர்ப்பு! குறை சொன்னவருக்கே சாமான். எங்கடை கோட்டிலை உப்பிடி ஒண்டு நடந்தால் அடுத்த நாள் பேப்பரிலை வரும்.”

அவர் பகிடியாகத்தான் சொன்னார். அந்த மனிதரிடம் வஞ்சகம் கிடையாது. ஆனால் அந்தப் பகிடி அன்று மாலையே சாவகச்சேரிக்குப் போகும், அடுத்த நாள் நீதிமன்ற வளவில் பத்துப்பேர் கேட்பார்கள் என்று எனக்குத் தெரிந்தது. நான் கமராவை இரண்டு கைகளாலும் எடுத்து, மேசையின் நடுவைத் தாண்டி நண்பரின் பக்கத்தில் வைத்து, “இருக்கட்டும்,” என்றேன்.

இந்தச் சொல்லைப்பற்றி நான் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். பந்தியில் இன்னும் கொஞ்சம் சோறு போட வருபவரை, இலைக்கு மேலே கையை மறித்து ‘இருக்கட்டும்’ என்கிறோம். அது ‘வேண்டாம்’ என்பதற்கு மரியாதையான சொல். ஒரு பொருள் இப்போதைக்கு இங்கேயே இருக்கட்டும், பிறகு வந்து எடுக்கிறேன் என்பதற்கும் அதே சொல்தான். நான் கருதியது இரண்டாவது. பந்தியில் மறிப்பதுபோல என் கை கமராவின் மேல் விரிந்திருந்தது என்பதை, அந்தக் காட்சியை மனதில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தபோதுதான் கண்டேன்.

நண்பர் என்னைப் பார்த்தார். “சரி,” என்றார். கமராவைத் தோல் உறைக்குள் வைத்து, இரண்டு பொத்தான்களையும் அழுத்தி மூடினார். அதன் பின்னர் கனடாவின் குளிரைப்பற்றிக் கதைத்தோம்.

அடுத்த நாளே நான் போயிருக்கலாம். அந்தப் பகிடி அடங்கட்டும் என்று பொறுத்தேன். அவராகவே தொலைபேசி எடுத்து, ‘எப்ப வந்து எடுக்கிறீர்?’ என்று கேட்பார் என்றும் எதிர்பார்த்தேன்.

“கேட்டியளோ?” என்று மனைவி ஒருநாள் விசாரித்தார்.

“அது இருக்கட்டும் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்.”

“இருக்கட்டுமெண்டோ சொன்னியள்? ஐயோ, அந்த மனிசன் வேண்டாமெண்டு எல்லே விளங்கியிருக்கும்!”

“அவருக்கு என்னைத் தெரியும்.”

“தெரிஞ்சவைக்கும் வாயாலைதான் சொல்லவேணும். நான் உங்களோடை இவ்வளவு காலம் இருக்கிறன், எனக்கே விளங்கேல்லை. போனை எடுத்துச் சொல்லுங்கோ.”

தொலைபேசியில் சொல்லி வாங்குகின்ற பொருள் அல்ல அது என்றேன். அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவலின் வேகத்தைக் கூட்டினார்.

அவர்களுடைய பயண நாள் நெருங்கிவிட்டது என்று அறிந்துதான் மீண்டும் உரும்பிராய்க்குப் போனேன். நண்பர் நகரத்துக்கு, வங்கி அலுவலாகப் போயிருந்தார். அவருடைய மனைவி விறாந்தை முழுவதும் சூட்கேசுகளைத் திறந்துவைத்து, மிளகாய்த்தூளையும் ஒடியல் மாவையும் பொதி செய்துகொண்டிருந்தார்.

“வாங்கோ அண்ணை. காலை வைக்க இடமில்லை, பாத்து வாங்கோ. இவர் இப்ப வந்திடுவார்.”

“தங்கச்சி, அந்த ஜெர்மன் கமராவை ஒருக்காப் பாக்கலாமோ?”

“அதைத் தம்பியெல்லே கொண்டுபோட்டான்.”

“அவர் ஜப்பானைத்தானே கொண்டு போனவர்?”

“பேந்து வந்து மற்றதையும் கொண்டுபோனவன். நீங்கள் வேண்டாமெண்டிட்டியள். இவர் ரெண்டு மூண்டு நாள் அதை மேசையிலை வைச்சுப் பாத்துக்கொண்டே இருந்தவர். நான் என்ன யோசினை எண்டு கேக்க, ‘அவரே வேண்டாமெண்ட சாமானை நான் ஆரிட்டைக் குடுக்கிறது? உன்ரை தம்பி கொண்டு போகட்டும்’ எண்டிட்டார்.”

“நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை.”

அவர் பொதி கட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “அப்ப என்ன அண்ணை சொன்னனீங்கள்?”

 ‘இருக்கட்டும்’ என்ற சொல்லைத் திருப்பிச் சொல்லியிருந்தால், என் மனைவி சொன்னதையே அவரும் சொல்லியிருப்பார்.

“உங்களுக்கெண்டுதான் அதை வைச்சிருந்தவர்,” என்றார். “கொழும்பாலை ஆரோ கேட்டும் குடுக்கேல்லை. ரெண்டும் ஒண்டா வாங்கினது, ஒண்டு துலைஞ்சுபோச்சு, மற்றது அவரிட்டைத்தான் போகவேணும் எண்டு எனக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பார். அண்டைக்கு உங்களைக் கூப்பிட்டதே அதுக்குத்தான்.” பிறகு என் முகத்தில் எதைக் கண்டாரோ, “இருங்கோ அண்ணை, தேத்தண்ணி போடுறன்,” என்று எழுந்து உள்ளே போனார்.

நான் நண்பர் வரும்வரை காத்திருக்கவில்லை. அடுத்த நாள் சாவகச்சேரிக்கு பஸ் ஏறினேன். நாவற்குழிப் பாலத்தைக் கடக்கும்போது, சட்டத்தரணியிடம் என்ன சொல்வதென்று ஒழுங்குபடுத்திக்கொண்டேன். அந்தக் கமரா எனக்கு வேண்டும்; அதன் பெறுமதி இன்னது; தாருங்கள். அவ்வளவுதான். குறை சொன்ன பொருளை வாங்குவதில்லை என்ற என் கட்டுப்பாட்டை அன்று மீறுவதென்று முடிவு செய்திருந்தேன். அவர் எத்தனை பகிடி விட்டாலும் கேட்டுக்கொண்டு வாங்கி வருவதென்றும் முடிவு செய்திருந்தேன். கைதடி கழிந்தபோது மனம் இலேசாகக்கூட இருந்தது.

“அட, நீதவான் வீடு தேடி வந்திருக்கிறார்! உள்ளுக்கை வாங்கோ அண்ணை.” சட்டத்தரணி வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். “மகள் ஜப்பான் கமராவோடை கம்பசுக்குப் போயிட்டாள். படம் எல்லாம் அந்தமாதிரி வடிவா வருதாம். உங்கடை தீர்ப்புக்கு மேன்முறையீடு இல்லை.”

“மற்றது?”

“மற்றதோ? உங்கை, உங்களுக்குப் பின்னாலை பாருங்கோ.”

சட்டப் புத்தகங்கள் இருந்த கண்ணாடி அலுமாரியின் நடுத்தட்டில், மினுக்கிய பனம்பலகையொன்றின் மேல், வில்லை அறையைப் பார்க்க, அது இருந்தது. மேலே ஒரு சிறிய மின்குமிழ் எரிந்தது.

“ஆசாரியைக் கொண்டு செய்விச்சனான். வாற கட்சிக்காரர் எல்லாம் வழக்கை விட்டிட்டு முதலிலை அதைத்தான் கேக்கினம்.”

கையில் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் அலுமாரியைத் திறந்தார். கமராவைத் தூக்கியபோது பலகையும் சேர்ந்து வந்தது.

“அது கழராது அண்ணை. பூனை ஒருக்காத் தட்டி விழுத்தப் பாத்துது. அதுக்குப் பிறகு ஆசாரி அடியாலை துளைச்சு நாலு ஆணி இறுக்கினவன். இனிப் பூமி அதிர்ந்தாலும் ஆடாது.”

நான் அதை ஜன்னலுக்குக் கொண்டுபோய், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அடித்தகட்டுக்கு உள்ளேதான் அந்தக் கமராவின் பற்சில்லுகள் எல்லாம் இருக்கின்றன. நான்கு ஆணிகளும் அவற்றினூடாகப் போயிருந்தன. பொத்தானை அழுத்தினேன். அது உள்ளே போகவில்லை. சுருள் ஏற்றும் பிடியை இழுத்தேன். அதுவும் அசையவில்லை. உள்ளே ஏதோ உடைந்த துண்டொன்று, பலகையைச் சரித்தபோது, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு உருண்டது.

“என்ன அண்ணை, பிழையோ?” அவர் உண்மையாகவே பதறினார். “நீங்கள்தானே சொன்னனீங்கள், உது சரிவராதெண்டு? படம் எடுக்கக்கூடிய சாமான் எண்டால் நான் தொட்டிருப்பனே? இனி அலங்காரத்துக்குத்தான் எண்டு நினைச்சுப்போட்டன்.”

படிக்கின்ற பிள்ளைக்குச் சரிவராது என்றுதான் நான் சொல்லியிருந்தேன். அதை அப்போது நினைவூட்டுவதில் ஒரு பயனும் இருக்கவில்லை. அவர் என் சொல்லை முழுதாக நம்பியிருந்தார். என் சொல்லை நம்பாத ஒருவர் கையில் அது போயிருந்தால், இன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

“உங்களுக்கு வேணுமெண்டால் பலகையோடையே கொண்டுபோங்கோ அண்ணை. நான் ஒரு பேப்பரிலை சுத்தித் தாறன்.”

“வேண்டாம்,” என்றேன். அந்தச் சொல் அன்று தடையில்லாமல் வந்தது.

நண்பர் புறப்பட்ட நாளில், வான் வருவதற்கு முன்னரே உரும்பிராய்க்குப் போய்விட்டேன். உறவினர்கள் முற்றம் நிறைய நின்றார்கள். அவர் என்னைக் கிணற்றடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

“மனுசி சொன்னவ. உமக்கு அது வேணுமாயிருந்ததோ ஐசே?”

“நல்ல கமரா அது.”

“அண்டைக்கு உதைச் சொல்லேல்லையே நீர்.”

“நீர் கேட்டது அதின்ரை நிலையை.”

“நிலையை நான் எடுத்துப் பாத்தாத் தெரியாதோ? அது என்ரை கமரா. நீர் எடுப்பீரோ எண்டு பாக்கத்தான் கூப்பிட்டனான்.” கிணற்றுக் கப்பியில் தொங்கிய கயிற்றை எடுத்துச் சுற்றினார். “நேராச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். சொன்னால் நீர் வரமாட்டீர். உம்மடை குணம் எனக்குத் தெரியும்தானே.”

நான் கிணற்றுக் கட்டில் கிடந்த வாளியை நிமிர்த்தி வைத்தேன்.

“மச்சான் அதைப் பத்திரமா வைச்சிருக்கிறானோ?”

“ஓம். கண்ணாடி அலுமாரிக்கை வைச்சிருக்கிறார். வெளிச்சமும் போட்டிருக்கிறார்.”

“அப்ப சரி,” என்றார். அவருடைய முகம் தெளிந்தது. நான் சொன்னதில் பொய் இருக்கவில்லை. வான் வந்து நின்று ஒலியெழுப்பியது. “வாறன் ஐசே,” என்றார். இருவருக்கும் இந்த வயதில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை இருவரும் கேட்கவில்லை. மைத்துனர் சூட்கேசுகளை ஏற்றிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும், அந்த மனிதர் முதல் தடவையாகப் பகிடி ஒன்றும் விடாமல் தலை குனிந்தார்.

அதற்குப் பிறகு நான் கமரா பார்ப்பதில்லை. கொண்டுவருபவர்களிடம் கண் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். கண்ணில் பெரிய பிழை ஒன்றும் கிடையாது. எனக்கென்று ஒன்றைத் தேடுவதையும் விட்டுவிட்டேன். பகல் வெளிச்சத்தில் எதையும் பிடித்துப் பார்க்க இப்போது மனம் வருவதில்லை.

கதைகள் மட்டும் என் காதுக்கு வந்துகொண்டிருக்கின்றன. மலிவாக வாங்குவதற்காகக் கமராவுக்குக் குறை சொன்னேன் என்று ஒரு கதை. அதற்கு நான் விடை சொல்லப்போவதில்லை. கமரா என்னிடம் இல்லை என்பதே விடை. மற்றக் கதைதான் என்னை எழுத வைத்தது. அது என் பக்கத்தவர்கள், என்னோடு படித்தவர்கள், எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று எண்ணிக் கலியாண வீடுகளில் சொல்வது. வாழ்நாள் நட்பை மறந்து, அந்தக் கமராவை எனக்குத் தராமல் மனைவியின் தம்பிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கனடாவுக்குப் போய்விட்டார் என்று என் நண்பரைக் குறை கூறுகிறார்கள். மறுத்துச் சொல்ல அவர் இங்கே இல்லை.

அது பிழை. அவர் அதை முதலில் எனக்குத்தான் தந்தார். நான் எடுக்கவில்லை.